கதவில்லாத கார்கள்

சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்.
சாட்ஸ்வொர்த் கடைகளில் கெஞ்சி வாங்கிய
பதினோரு வாழைப்பழ அட்டைப்பெட்டிகள்
சமையலறையை அடைத்து நிற்கின்றன.
ஆறு வயதாகும் யுவேஷனுக்கே ஆறாம் எண் கார்.
ஒன்றாம் எண்ணுக்கு இப்போதே சண்டை.

காகிதத் தட்டுகள்தாம் சக்கரம்.
கொடிக்கு என் பழைய மேசைவிரிப்பு.
கறுப்புக் கட்டங்கள் தீட்டும்போது
மூலையில் கிடந்த குழம்புக் கறையையும்
ஒரு கட்டமாக்கிவிட்டேன்.

நான்கு மணிக்கு மின்வெட்டு என்கிறது அட்டவணை.
கேக்கை மூன்றரைக்கே வெட்டிவிடலாம்.
ஆனால் இந்தச் சரிவுத் தெருவில்
எல்லைக்கோடு எங்கே போட?
கீழே போட்டால் நிற்கமாட்டார்கள்,
மேலே போட்டால் ஏறமாட்டார்கள்.

கார்த் தொழிற்சாலையில் இரவெல்லாம்
கதவு பூட்டிவிட்டு வந்தவர்
சீருடை மாற்றாமல் தரையில் அமர்ந்து
பெட்டிகளில் கதவு வரைந்தார்,
கைப்பிடி, பூட்டு, சாவித்துளை சகிதம்.

ஏழாவது முடிந்தபோது
கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான் பையன்.
"ரேஸ் காருக்குக் கதவே கெடையாதுப்பா.
குதிச்சுதான் ஏறணும்."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.
நான் அழிப்பான் தேடினேன்.

"வேணாம்மா," என்றான்.
"இது ஏழும் டாக்சி. மிச்சம் நாலுதான் ரேஸ் கார்.
டாக்சிதான் ஜெயிக்கும்."

டர்பனில் இதை யார் மறுப்பது?