இந்நேரத்துக்கு ஒரு வீடு

புரோக்கர் குணசீலன் வீடு காட்டுவது
காலை பதினோரு மணிக்கு.
அப்போது எல்லாத் தெருவும் நல்ல தெரு.
கீரை வண்டி போகும்,
மாடியில் யாரோ வத்தல் காயவைப்பார்கள்.
ஏரியா எப்படி என்று கேட்டால்
"தங்கமான ஏரியாம்மா" என்பார்.
உறையூருக்கும் அதே தங்கம்,
பீமநகருக்கும் அதே தங்கம்.

எனக்கு ஷிப்ட் முடிவது ஒன்பதே முக்கால்.
கடைசி ரத்தக்குப்பிக்கு லேபிள் ஒட்டி,
கையுறை கழற்றி, கை கழுவி,
லேபைப் பூட்டிக்கொண்டு
நான் நடக்கப்போகும் தெருவைப்
பகலில் யாராலும் காட்ட முடியாது.

அதனால் தனியே போனேன்.
ஒன்பது இரவு, திருச்சி முழுக்க.

தில்லைநகரில் எல்லா விளக்கும் எரிந்தது,
வாடகை கேட்டு வயிறும்.
ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி அறை;
கொள்ளிடத்துக் காற்று கதவைத் தட்டாமல் வந்தது.
"என்ன சமைப்பீங்க?"
சோறு என்றேன்.
"அது இல்ல" என்றார்கள்.
திருத்துறைப்பூண்டிக்காரி
எறா வறுக்காமல் எத்தனை ஞாயிறு தாங்குவாள்?
அவர்கள் அடுத்துக் கேட்கவிருந்த கேள்வி
நாக்கு நுனியில் நிற்கும்போதே
படியிறங்கிவிட்டேன்.

உய்யக்கொண்டான் ஓரம் மூவாயிரத்துக்கு ஒன்று.
சுவரில் இடுப்பளவுக்கு மட்டும்
புதிதாய் நீலப் பெயின்ட்.
ஏன் என்று கேட்கவில்லை.
தண்ணீரின் கையெழுத்து எனக்குத் தெரியும்.
கடைமடையில் எங்கள் வயலுக்குக்
கெஞ்சிக் கூப்பிட்டும் வராத தண்ணீர்
இங்கே அடுக்களை வரை வந்து
பாத்திரம் உருட்டிவிட்டுப் போயிருக்கிறது.

ஒன்பது இரவில் சில கணக்குகள் பிடிபட்டன.
எரியாத விளக்குக்கும் எரியும் விளக்குக்கும் நடுவே
எத்தனை எட்டு.
டாஸ்மாக்கிலிருந்து எத்தனை திருப்பம்.
பைக்கில் சாய்ந்திருக்கும் பையன்கள்
நான் கடக்கும்போது குரலைத் தாழ்த்துகிறார்களா,
உயர்த்துகிறார்களா.
பத்து மணிக்கும் கொடியில்
நைட்டி அசந்து தொங்குகிறதா.
நாய் குரைத்தால் குரைக்கட்டும்,
மூன்றாம் நாளும் குரைத்தால் யோசிக்க வேண்டும்.

புத்தூர்ப் பக்கம் ஒரு முட்டுச்சந்து.
பீரோ அகலத்தில் ஒரு தையல்கடை,
உள்ளே ஜெசிந்தா, ரவிக்கைக்குக் கொக்கி வைத்தபடி.
மூன்றாவது முறை நான் கடந்தபோது
ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு கேட்டாள்:
"யாரத் தேடுற?"
வீடு பாக்குறேன்.
"இந்நேரத்துக்கா?"
ஆமா, இந்நேரத்துக்குத்தான்.

அவள் சிரிக்கவில்லை. ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.
"கடைசி வீடு காலி. நாலாயிரத்தெட்டு நூறு,
அட்வான்ஸ் முப்பது கேப்பாரு, இருபதுக்கு மசிவாரு.
பைப்புல காத்து வரும், தண்ணி விடியக்காலைல.
அந்த முக்குல ஒருத்தன் நிப்பான்.
ரெண்டு வாட்டி திட்டிட்டேன். நிக்கத்தான் செய்றான்."
ஒன்பது நாளில்
குறை சொல்லி வீடு காட்டிய ஒரே ஆள்.

பதினொன்னு வரைக்கும் தெறந்திருக்கீங்களே,
பயமா இல்லியா என்றேன்.
"இருக்கு.
அடைச்சிட்டா உள்ள ஒக்காந்து பயப்படணும்."

சீட்டுப் பணத்தைத் தள்ளி எடுத்தேன்.
நாலாயிரம் கழிவு போனது.

குடிவந்த முதல் ஞாயிறு
ஜெசிந்தா ஒரு கல்யாணத்துக்கு லால்குடி போய்விட்டாள்.
ஷட்டர் இறங்கியிருந்தது. சந்து நீளமாகிவிட்டது.
முக்கில் அவன் நின்றான்.
சாவியை விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு
முப்பத்தொரு எட்டு எண்ணினேன்.
நாய் வந்தது, மோந்தது, போனது.

தாழ் போட்ட பிறகும் வெளியே செருப்புச் சத்தம்.
ஜன்னலில் பார்த்தேன்.
தோளில் ஆபீஸ் பை, கையில் டிபன் கூடை,
ஒருத்தி.
விளக்குகளைப் பார்க்கிறாள்,
கொடிகளைப் பார்க்கிறாள்,
மெதுவாக, உதடு அசைய.

யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்குகிறார் வீட்டுக்காரர்.
வாசல் பல்பைப் போட்டேன்.
பதினொன்று வரை எரியட்டும்.