முப்பத்தொன்றும் முப்பத்திரண்டும்

குவோப்பியோவில் நவம்பர் மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
ஏரி இன்னும் உறையவில்லை,
உறையப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

போன மாதம், மைனஸ் எண்பதிலிருந்து
நாற்பத்தாறு குழாய்களை எடுத்தேன்.
ஒவ்வொன்றிலும் ஒருவரின் நெற்றிப்பக்க மூளை,
பயறளவு.
இறந்த பின்னும் கொஞ்ச நேரம்
செல்லுக்குள் தூது கிடக்கும்,
அனுப்பியவர் போனது தெரியாமல்
வாசலில் நிற்கும் தூது.
தாமதித்தால் பொடிப்பொடியாகிவிடும்.

இயந்திரம் வாசித்துக் கொடுத்தது.
கத்தும் மரபணு சிவப்பு, வாயடைத்தது நீலம்.
நோயாளிகளின் பத்திகளில்
நரம்பிணைப்பு மரபணுக்கள் நீலத்தில் இறங்கியிருந்தன.
எதிர்பார்த்ததுதான்.
தைமி காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் வைத்துவிட்டுப் போனாள்.

அப்போதுதான் பார்த்தேன்.
31: ஆண், வயது 74.
அவருக்குள் எக்ஸிஸ்ட் எரிந்துகொண்டிருந்தது,
பெண்ணின் செல்லில் மட்டும் பேசும் மரபணு.
ஒய் குரோமோசோமிலிருந்து ஒரு முணுமுணுப்புகூட இல்லை.
32: பெண், வயது 81.
அங்கே ஒய் உரக்கப் பேசியது.

எங்கோ ஒரு கை
ஒட்டுத்தாள்களை மாற்றி ஒட்டியிருக்கிறது.
என் கையாகவும் இருக்கலாம்.
மூன்று வாரம்
இவருடைய மௌனத்தை அவருடையது என்று படித்திருக்கிறேன்.
எங்கள் மொழியில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்.
அதைச் சாக்காகச் சொல்ல முடியாது.

ரவுத்தியோ சொன்னார்:
இரண்டையும் நீக்கிவிடு.
நாற்பத்துநான்கு போதும், புள்ளிவிவரம் தாங்கும்.

தாங்கும்தான்.
எனக்கு நினைவில் வந்ததோ
காப்பகத்தின் நீளமான நடைவழி.
பெயர் மாற்றிக் கூப்பிட்டாலும்
திரும்பிப் பார்த்திருப்பார்கள்.
வேறு யாருடைய கம்பளிச் சட்டையையோ மாட்டிவிட்டாலும்
பொத்தானைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.
அங்கே திருத்த யாருக்கும் நேரமிருந்திருக்காது.

இரத்த மாதிரிகள் கீழ்த்தளத்தில் இருக்கின்றன.
டி.என்.ஏ.வை ஒப்பிட இரண்டு வாரம், நானூறு யூரோ.
படிவத்தை நிரப்பினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
மாதிரியின் அடையாளத்தை உறுதிசெய்ய
என்று எழுதினேன்.
இன்னும் ஒன்றரை வரிக்கு இடமிருந்தது.
விட்டுவிட்டேன்.

நான் இருப்பது தெரியாமல்
தைமி விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.
திரை மட்டும் எரிந்தது.
பெயரில்லாத ஒருத்தி
தப்பான கட்டத்தில் நின்றுகொண்டு
தான் யாரென்று சொல்லிக்கொண்டிருந்தாள்.