ஞாயிறு, ஆறு மணிக்குள்

பெயரைக் கேட்டு யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.
டர்பனில் பன்னி சோ என்றால்
ரொட்டியைக் கிணறு மாதிரி குடைந்து
ஆட்டுக்கறிக் குழம்பை அதில் ஊற்றித் தருவது.
கையால்தான் சாப்பிட வேண்டும்.
ஏழு வயதுக் கை என்றால்
சட்டையாலும்.

சனிக்கிழமை மத்தியானம்
சாட்ஸ்வொர்த்தில் கடை வாசலில்
கார் பானெட்டின் மேல் உட்கார்ந்து
கிணற்றுச் சுவரைப் பிய்த்தாள் கெர்ஷ்னி.
இடிந்தது.
வெள்ளைச் சட்டை.
கழுத்தில் தொடங்கி மூன்றாவது பொத்தான் வரை
ஒரு மஞ்சள் ஆறு,
ஆற்றில் ஓர் உருளைக்கிழங்குத் தோணி.
அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன்.
அதுதான் தப்பு. அப்போதே நனைத்திருக்க வேண்டும்.

அவள் தூங்கிய பிறகு
சட்டையை விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.
புதுசு.
விலைச்சீட்டைக் கிழித்த பிளாஸ்டிக் நரம்பு
காலரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.
வனீஷா வாங்கியது.
இரண்டு வாரத்துக்கு ஒருமுறை
வெள்ளி மாலை என் கைக்கு வந்து
ஞாயிறு ஆறு மணிக்குள் நான் திருப்பித் தரவேண்டியவற்றில்
சட்டையும் சேர்த்தி.
எந்தத் தாளிலும் எழுதவில்லை.
ஆனாலும் சேர்த்தி.

பச்சைச் சோப்பைப் போட்டுத் தேய்த்தேன்.
மஞ்சள் சிவந்தது.
சத்தியமாகச் சொல்கிறேன், ரத்தமாகவே சிவந்தது.
குளியலறை வெளிச்சத்தில்
ஒரு குழந்தையின் சட்டையை, நெஞ்சில் அந்தச் சிவப்போடு,
கையில் பிடித்து நின்றேன்.
யாராவது கதவைத் தட்டியிருந்தால்
என்ன சொல்லியிருப்பேனோ.

கூட வேலை செய்கிற தேவனுக்குப் போன் போட்டேன்.
கொட்டாவிக்கு நடுவில் வினிகர் என்றான்.
ஊற்றினேன். மஞ்சள்.
மறுபடி சோப்பு. சிவப்பு.
வினிகர். மஞ்சள்.
மணி ஒன்றரை.
வக்கீல்களை வைத்து நாங்கள் இருவரும் பேசிய
அந்தப் பதினோரு மாதம் போலவே
நிறம் மட்டும் மாறிக்கொண்டிருந்தது.

காலையில் கொடிக்கம்பியில் போடும்போது
இரண்டாவது மாடி நொம்புசோ
தன் போர்வைகளை உதறிக்கொண்டிருந்தாள்.
கறையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.
இலங்கா, என்று முகவாயால் மேலே காட்டினாள்.
ஜூலுவில் வெயிலுக்கு அதுதான் பெயர்.
எங்கள் பக்கம் அது வினைச்சொல்,
வேலை செய்தால்தான் உண்டு.

பத்து மணி வரை கம்பியில்.
கட்டடத்தின் நிழல் வந்ததும் படிக்கட்டுக் கைப்பிடியில்.
அப்புறம் தெருவைத் தாண்டி, யாருடையதோ ஒரு வேலியில்.
கெர்ஷ்னி குவளைத் தண்ணீரோடு கூடவே வந்தாள்,
காயக் காயத் தெளித்தாள்.
கடல் பக்கத்திலிருந்து மேகம் வந்தபோது
இருவரும் அண்ணாந்து திட்டினோம்.
எனக்குத் தெரிந்த வார்த்தைகளில்
பாதியைத்தான் சொன்னேன்.
மூன்று மணிக்கு அவள் குனிந்து பார்த்து,
அப்பா, ஆறு வத்திப்போச்சு, என்றாள்.
வற்றவில்லை. ஆனால்
ஆறு இருந்த இடம் தெரியாதவர்களுக்கு
தெரியாது.

வெருலம் போகும் வழியெல்லாம்
மேற்குப் பார்த்த ஜன்னலில் மாட்டியே ஓட்டினேன்,
மிச்ச வெயிலும் வீணாகாமல்.
ஆறுக்கு ஐந்து நிமிடம்.
வனீஷா சட்டையை விரித்துப் பார்க்கவில்லை.
முகர்ந்தாள்.
வினிகரா, என்றாள்.
அவள் வாயோரம் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது,
கதவு மூடிவிட்டது.

அடுத்த முறை வந்த பையில்
கருநீலம், காப்பிப்பொடி நிறம், கறுப்பு, கறுப்பு.
துண்டுச்சீட்டு எதுவும் இல்லை.
மடிப்புகூட எப்போதும்போல் நேர்த்தி.

சனிக்கிழமை, அதே கடை.
ராத்திரி அவள் சட்டையை எடுத்தேன்.
கறுப்பில் ஒன்றும் தெரியவில்லை.
விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன், தெரியவில்லை.
கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடினேன்.
இடுப்புக்கு மேலே, காய்ந்து மொரமொரவென்று,
ஒரு நாணயம் அளவுக்கு
இருந்தது.
இன்னும் நான் சோப்பை எடுக்கவில்லை.