பிணத்துக்கு வசனம் இல்லை

விடிவதற்கு முன்பே சக்கரங்களுக்கு
ஆலிவ் எண்ணெய் விட்டேன்.
போன வருஷம் பலகை பாதி வழியில் சிக்கிக்கொள்ள
செத்த ராணி கையூன்றி இறங்கி நடந்தாள்.
ஏதென்ஸ் முழுக்கச் சிரித்தது.
சவுக்கடி எனக்கு.

என் இடம் கதவுக்குப் பின்னால்.
மர இடுக்கில் ஒரு கண் அளவு ஓட்டை.
மலைச்சரிவு முழுக்கத் தலைகள்,
வறுத்த கொண்டைக்கடலை கொறிக்கும் தாடைகள்.
அத்தனை பேருக்கும் கதை தெரியும்.
தெரியாதவன் ஒருவன்தான்,
நடுவில் நிற்கிற அரசன்.

கொள்ளைநோய் ஊருக்குள் வராதிருக்க
"இருட்டிய பின் கோட்டைக் கதவு திறக்காது.
வெளியே நிற்பது என் ரத்தமே ஆனாலும்
அம்பு விடுங்கள்" என்கிறான்.
என் ரத்தமே ஆனாலும்.
அந்த இடத்தில் கடலை கொறிப்பது நிற்கிறது.
தவளை கத்திவிட்டது;
பாம்புக்கு இனி வழி தெரியும்.

மருந்து வேரோடு மகன் திரும்பி வருவதையும்
இருட்டில் தட்டுவதையும்
அம்பு குறி தவறாததையும்
யாரும் பார்ப்பதில்லை.
இங்கே சாவெல்லாம் கதவுக்குப் பின்னால்தான்,
அதாவது என்னிடத்தில்.
என்னிடத்தில் இருப்பது
ஒரு தண்ணீர்க் குடம், நாலு முகமூடி,
முடிச்சை அவிழ்க்கச் சொல்லி அவசரப்படுத்தும் மினசிப்போஸ்.

அரசன் அவன்தான்.
அலறிக்கொண்டு உள்ளே ஓடிவந்தவன்
முகத்தைக் கழற்றி என் கையில் திணித்து
"அத்திப்பழம் மிச்சமிருக்கா?" என்கிறான்.
பாதி தின்று, வாயைத் துடைத்து,
தூதுவன் முகத்தை மாட்டிக்கொண்டு
வெளியே போய்ச் சொல்கிறான்:
மகனைத் துளைத்த அம்பை உருவி
தன் தொண்டையில் அரசன் எப்படி இறக்கிக்கொண்டான் என்று.
அரசன் பேசிய அதே தொண்டை.
யாரும் கவனிப்பதில்லை.

எனக்கு நேரமில்லை.
ஊதா அங்கி. கழுத்தில் பன்றி ரத்தம்.
அவன் வியர்வையில் இன்னும் சூடாறாத முகமூடி.
பலகையில் மல்லாந்து படுக்கிறேன்.
திரேஸில் பிறந்த பித்திஸ்,
நூற்றறுபது திராக்மாவுக்கு வாங்கப்பட்டவன்,
அரசனாவது இப்படித்தான்,
செத்த பிறகு.

கதவு திறக்கிறது. வெயில்.
எண்ணெய் வேலை செய்திருக்கிறது.
பதினைந்து பேர் எனக்காக மாரடிக்கிறார்கள்.
மூடாதிருந்தால், அந்தக் கதவை
மூடாதிருந்தால் என்று பாட்டு.

நாங்கள் மூடவில்லை.
அது நாடகமில்லை, ஸ்ட்ரைமோன் ஆற்றங்கரையில் எங்கள் ஊர்.
பனியில் பசியோடு நின்ற படையைப் பார்த்து
அப்பா சொன்னார்,
"வந்தவனை வாசலில் நிறுத்தினால் தெய்வம் பொறுக்காது."
தாழ்ப்பாளை நீக்கியது இந்தக் கைதான்,
இப்போது பலகையிலிருந்து தொங்கவிட்டிருக்கும்
வலது கை.
மூடியவனும் கெட்டான், திறந்தவனும் கெட்டான்.
விதி எந்தப் பக்கம் நின்று தட்டுகிறது என்று
தாழ்ப்பாளுக்கு என்ன தெரியும்.

அந்தப் படையை நடத்தியவர்
முதல் வரிசையில், கல் இருக்கையில்.
கண்துளை வழியே தெரிகிறார்.
அழுகிறார்.
பொய்யில்லை, தாடி நனைகிறது.
பக்கத்து இருக்கைக்காரர் பக்கம் சாய்ந்து
ஏதோ சொல்கிறார்.
"பாவம், இவனுக்குத் தெரியவில்லையே"
என்று இருக்கலாம். உதடு அப்படித்தான் அசைந்தது.

மலைச்சரிவுக்குத் தெரிந்தது அரசனுக்குத் தெரியாது.
எனக்குத் தெரிந்தது மலைச்சரிவுக்குத் தெரியாது.
எனக்குத் தெரியாததை
எந்த ஓட்டை வழியே யார் பார்த்துக்கொண்டு
கடலை தின்கிறார்களோ.

முகமூடியின் வாய் வழியாக ஓர் ஈ நுழைந்து
என் மேலுதட்டில் நடக்கிறது.
தும்மக் கூடாது.
இன்னும் இரண்டு பாட்டு இருக்கிறது.

மதியத்துக்கு மேல் கோமாளிக் கூத்து.
எனக்கு வால் கட்டுவார்கள்.