ஐந்தாவது உடை

இனாரி ஏரிக்கு வடக்கே
ஒரு மரக்கொட்டகையில் எனக்கு வேலை.
வருகிறவர்களுக்குப் பனியுடை எடுத்துக் கொடுப்பேன்,
திரும்பியதும் வாங்கிக் காயப்போடுவேன்.
பத்தொன்பது குளிர்காலமாய்
மனிதர்களை அளவுகளாகத்தான் தெரியும் எனக்கு.
வாசலில் பனியை உதறும்போதே சொல்லிவிடுவேன்
இவருக்கு ஐம்பத்திநான்கு, பூட்ஸ் நாற்பத்தைந்து.
இந்த அம்மாள் முப்பத்தெட்டு என்பாள்,
நாற்பதுதான் கொடுக்க வேண்டும்,
உள்ளே இரண்டு கம்பளிக் காலுறைக்கு இடம் வேண்டுமே.

டிசம்பர் கடைசியில் வந்தது அந்தக் குடும்பம்,
ஆண்ட்வெர்ப்பிலிருந்து.
பதிவில் ஐந்து பேர். வந்தவர்கள் நால்வர்.
ஐந்தாவது உடையை மேஜையில் வைத்தேன்.
"அது வேண்டாம்" என்றார் வௌட்டர்.
"இருக்கட்டும்" என்றாள் லீஸ்பெத், அதே நொடியில்.
எந்தப் பக்கமும் சேராமல்
அதை ஆணியில் மாட்டினேன்,
ஸிப்பைக் கழுத்துவரை இழுத்து.

சூரியன் எழாத வாரங்கள்.
பதினொரு மணிக்கு ஏரிமேல்
மை கரைத்த தண்ணீர்போல் ஒரு நீலம் வரும்,
இரண்டு மணிக்குள் வடிந்துவிடும்.
அந்த மூன்று மணி நேரத்துக்குத்தான்
அத்தனை யூரோ கொடுத்திருந்தார்கள்.

முதல் நாள் நாய்வண்டி.
நாற்பது நாய்களும் ஒரே தொண்டையாய்க் குரைக்க
சின்னவன் ஸ்டெய்ன் காதைப் பொத்திக்கொண்டான்.
அஸ்லக் நங்கூரத்தைப் பிடுங்கியதும்
சட்டென்று அமைதி.
ஓடுகிற நாய் குரைப்பதில்லை.
பலர் அந்த அமைதிக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள்.

திரும்பி வந்தபோது
ஃபெம்கேவின் இமைகளில் வெள்ளை,
ஒரு கையில் கையுறை இல்லை.
ஹில்லா தின்றுவிட்டதாம்.
"இது ஏழாவது" என்று நாயைத் திட்டினான் அஸ்லக்,
அதன் காதைச் சொறிந்துகொண்டே.

மறுநாள் உறைந்த ஏரியில் துளையிட்டு மீன்பிடிப்பு.
நான்கு மணி நேரம், ஒரே ஒரு பெர்ச்,
சுண்டுவிரல் நீளம்.
பாவம் என்று விட்டுவிட்டார்களாம்.
காயப்போடும்போது பார்த்தேன்
ஸ்டெய்னின் பாக்கெட்டில்
விறைத்துக் கிடந்தது, கண் திறந்தபடி.

வானத்தின் பச்சை வெளிச்சம் வரவில்லை.
மூன்று இரவும் மேகம்.
பணம் திரும்பக் கிடைக்குமா என்று
பாதிப்பேர் கேட்பார்கள்.
வௌட்டர் கேட்டது வேறு.
மனைவி வெளியே போகும்வரை
கையுறையைத் தேடுவதுபோல் நின்றுவிட்டு,
"ரொவனியெமியிலிருந்து கடைசிப் பேருந்து
இங்கே எத்தனை மணிக்கு?"
சொன்னேன்.
சொல்லிவிட்டு அடுப்பில்
எரிந்துகொண்டிருந்த கட்டையையே
திருப்பிப் போட்டேன்.

நான்காம் மாலை, மைனஸ் முப்பத்தொன்று.
பேருந்து நின்று கிளம்பும் சத்தம்.
உள்ளே வந்தவனுக்குப் பதினேழு வயது இருக்கும்.
கேன்வாஸ் ஷூ. பீட்ரூட் நிறத்தில் காதுகள்.
"யோரிஸ்" என்றான்.
வேறென்ன சொல்வதென்று அவனுக்கும் தெரியவில்லை,
எனக்கும்.
ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே நின்றது.
அவன் அம்மா எழுதியனுப்பியது
போன வருடத்து அளவு.
பெரியது எடுக்கத் திரும்பினேன்.
"இதுவே இருக்கட்டும்."

கதவருகே வௌட்டர்.
எப்போது வந்து நின்றாரோ,
தொப்பி இல்லாத தலையில் பனி வெண்மையாகப் படிந்திருந்தது.
கட்டிப்பிடிப்பார்கள் என்று நினைத்து
கணக்குப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.
கட்டிப்பிடிக்கவில்லை.
ஐம்பத்திநான்கு அளவு மனிதர்
ஈரத் தரையில் முழங்கால் ஊன்றி
மகனுடைய பூட்ஸ் வாரைப் பிடித்தார்.
"இறுக்கமா?"
"இல்லை."
"இப்போது?"
"கொஞ்சம்."
"கொஞ்சம் என்றால்?"
"அப்பா, சரியாக இருக்கிறது."
மறு காலுக்கு நகர்ந்தார்.
அதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

வெளியே இன்னும் மேகம்தான்.
நாய்கள் எதற்கோ ஊளையிட்டு ஓய்ந்தன.

மூன்று நாள் ஆணியில் தொங்கிய உடைக்கும்
வாடகை உண்டு, முதலாளியின் விதி அது.
ரசீதில் அதை எழுதவில்லை.
கையுறைக்கு மட்டும் எழுதினேன்.