நேற்று மாலைக்குத் திரும்புதல்

வீட்டோடு பெயர்த்து அனுப்பலாம் என்றான் குபேந்திரன்.
கர்னல், கோப்புகள், கடிகாரம், கதவுத் தாழ்ப்பாள்
எல்லாம் உள்ளடங்கி ஏழு ஜிபி.
எங்கே இறக்கினாலும் அதே வீடு.
எழுந்து நிற்க ஒரு நிமிடம் ஐம்பது விநாடி.
"எந்திரிக்க நேரமாகும். எந்திரிச்சிட்டா
அது பாட்டுக்குக் கெடக்கும்."

ஷர்மிளா சிரித்தாள்.
அவளுடைய கன்டெய்னர் ஒண்டுக்குடித்தனம்:
அடுப்பு தனி, கிணறு பொது.
நூற்று நாற்பது எம்பி, மூன்று விநாடி.
விலைப்பட்டியல் மாறினால்
மாறிய அடுக்கு மட்டும் போகும்,
ஒரு போட்டோ அனுப்புகிற செலவில்.
"தொட்டப்பநாயக்கனூர் சிக்னல்ல
உங்க ஏழு ஜிபி எறங்குறதுக்குள்ள
சினைமாடு கன்னு போட்டுரும்."
"கிணறு வத்திட்டா?" என்றான் அவன்.

கே.கே. நகரில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே,
இப்படிப் பதினோரு நாள்.
பலகையில் கட்டம் போட்டோம்:
அளவு, வேகம், நினைவகம், பாதுகாப்பு.
கடைசி வரிசையில் யாரோ
"நடுராத்திரி போன் யாருக்கு வரும்?" என்று எழுதி
என் பெயரையும் போட்டிருந்தார்கள்.

நான் இரண்டு கட்சியிலும் இல்லை.
வீட்டில், எல்லோரும் தூங்கியபின் ஒன்று செய்திருந்தேன்.
நிரலையும் அதற்கு வேண்டிய கர்னல் துண்டையும்
சேர்த்துக் காய்ச்சி இறுக்கியது.
ஒன்பது எம்பி. இமைப்பதற்குள் எழுந்துவிடும்.
ஷெல் இல்லை, பயனர் இல்லை,
கதவே இல்லாததால் திருட்டும் இல்லை.
காட்டினேன்.
"உள்ள எதாச்சும் கெட்டுப்போனா எப்படிப் போயிப் பாப்ப?"
இரண்டு பேரும் ஒன்றுபோலக் கேட்டது
அந்தப் பதினோரு நாளில் அந்த ஒரு கேள்விதான்.

வென்றது யாருமில்லை.
நாற்பத்து மூன்று பால் சங்கங்களின் கணினியிலும் பழைய விண்டோஸ்,
ஒன்றின் விசிறிக்குள் பல்லி முட்டை.
ஷர்மிளாவின் குடித்தனத்துக்குத் தரையே இல்லை.
ஆகவே குபேந்திரனின் வீட்டைக் கட்டி
அதற்குள் அவளைக் குடிவைத்தோம்.
நாற்பத்து மூன்று பென்டிரைவ்.
இருவரும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

இருபத்தெட்டாவது, செல்லம்பட்டிப் பக்கம்.
ஏழேகாலுக்கு டேங்கர் கிளம்பியது,
ஏழரைக்குத் திரை உறைந்தது.
"ஏம்மா, அங்கிட்டும் போகல இங்கிட்டும் வரல"
என்றார் செயலாளர் தவமணி.
நீல பொத்தானை அழுத்துங்கள்,
நேற்று மாலைக்குத் திரும்பிவிடும் என்றேன்.
திரும்பியது.
சொன்னபடி, துளி பிசகாமல்.
இருநூற்றுப் பன்னிரண்டு லிட்டர் காலைப் பால்
டேங்கருக்குள் அலம்பியபடி போய்க்கொண்டிருந்தது,
கணக்கில் இன்னும் கறக்கப்படவில்லை.

ஊற்றுகிற பால் எங்கே தங்கும் என்று
கட்டத்தில் ஒரு வரிசை போட
எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிப் போனேன்.
சீட்டோடு வந்தவர்கள், சீட்டில்லாமல் வந்தவர்கள்,
சீட்டில் வெற்றிலை மடித்து வந்தவர்.
ஒச்சம்மாளின் சீட்டு பாலில் நனைந்து
வெறும் காகிதமாயிருந்தது.
"நாலரை லிட்டர். நம்பலைன்னா மாட்டைக் கேளு."
கொழுப்பு எவ்வளவு என்றேன்.
"அதையும்தான்."

சாயங்காலம் கூட்டிப் பார்த்தால்
இருநூற்று ஒன்பது.
டேங்கர் ரசீதில் இருநூற்றுப் பன்னிரண்டு.
மூன்று லிட்டருக்கு யாரும் வரவில்லை.
பெயரில்லாமல் பதிய முடியாது,
அந்த விதியை எழுதியவள் நான்.
தவமணி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே
"சோதனைன்னு போடும்மா" என்றார்.

அடுத்த மாதம் தரவுக்குத் தனி வட்டு போட்டோம்.
குபேந்திரன் யோசனை என்றான், ஷர்மிளா தன்னுடையது என்றாள்.
இருபத்தெட்டாம் சங்கத்தில்
சோதனை என்ற உறுப்பினருக்கு இன்னும்
நூற்றுச் சொச்சம் ரூபாய் பாக்கி நிற்கிறது.