மூன்று படி

தண்ணீரில் இருபத்தைந்து நிமிடம்
தரையில் இருபது.
ஒரே நாளில் ஒரே முழங்காலுக்கு இரண்டும் எதற்கு என்று
பில் திரும்பி வந்திருக்கிறது,
மூன்றாவது முறை.
நீச்சல் பொழுதுபோக்கு, பாலிசியில் சேராது
என்று தனியாக ஒரு வரி.

அமலோற்பவத்துக்கு நீந்தத் தெரியாது.
காசிமேட்டில் முப்பது வருஷம் மீன் ஏலம் எடுத்தவள்
கடலில் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லையாம்.
இங்கே மார்பளவு நீரில்
நைட்டி உப்பி மிதக்க
கம்பியைப் பிடித்தபடி
முபீனா எண்ண எண்ண நடக்கிறாள்.
"வுட்டா ஓடிடுவேன் போலக்கீது"
என்றாள் ஒருநாள்.

பிறகு மேலே வர வேண்டும்.
மூன்று படி.
முதல் படியில் இடுப்பு கனக்கும்
இரண்டாவதில் தொடை
மூன்றாவதில் மொத்த அமலோற்பவமும்.
அதுவரை சுமந்ததையெல்லாம்
தண்ணீர் அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடும்.
சொட்டச் சொட்ட நிற்பாள்,
எங்கள் யாரையும் பார்க்காமல்.

நீர் எத்தனை மணிக்கு முடிந்தது,
தரை எத்தனை மணிக்குத் தொடங்கியது,
நேரம் குறிக்கவும்.

பத்து இருபத்தைந்து என்று எழுதுகிறேன்.
பத்து முப்பத்திரண்டு என்றும்.
நடுவில் ஏழு நிமிடம்.
அதற்கு எண் எதுவும் பட்டியலில் இல்லை.

வாசலில் லாரித் தண்ணீர் வந்து ஹாரன் அடிக்கிறது.
பன்னிரண்டாயிரம் லிட்டர். கையெழுத்து.
அந்தப் பில்லை யாரும் திருப்பி அனுப்புவதில்லை.

தலை துவட்டிக்கொண்டே மேஜைக்கு வருகிறாள்.
ஏலக் குரல் இன்னும் போகவில்லை:
"தரைக்கு அவனுங்க கட்டட்டும்,
தண்ணிக்கு நான் குட்த்துடறேன். முடிச்சுடு."

படிகளின் பேச்சை
அவளும் எடுக்கவில்லை.
நானும்.